காட்சிக்கூட விளக்கும் பட்டனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகப் பேழைகளுக்கும் தொழிற்கண்காட்சி ஸ்டால்களுக்கும் விளக்கு, பட்டன், சென்சார், கன்ட்ரோல் பெட்டி ஆகியவற்றைச் செய்து கொடுப்பது எங்கள் பட்டறையின் வேலை. இருப்பது கோயம்புத்தூரில். காப்பாட்சியர்கள், ஸ்டால் போடும் பம்பு, ஜவுளிக் கம்பெனிக்காரர்கள், அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்கள் எனப் பலரும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு முடியாது.

கடையில் விற்கும் எல்இடி விளக்கே போதாதா? தனியாகச் செய்ய வேண்டிய அவசியம் என்ன?

பல இடங்களில் கடை விளக்கே போதும். நடைபாதை, பெயர்ப்பலகை, பொது வெளிச்சம் இவற்றுக்கு எங்களைத் தேடி வர வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொருளின் தன்மைக்கேற்ப வெளிச்சத்தை அமைக்க வேண்டிய இடத்தில்தான் தனி வேலை தேவைப்படுகிறது.

ஒரு பானை ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழடி அகழாய்வில் கிடைத்த ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ஓட்டின் மேல் நேர் உச்சியிலிருந்து பளீரென்று ஒரு விளக்கைப் போட்டால் கீறல் வெளிச்சத்தில் கரைந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் சிவப்பு ஓடு. விளக்கைக் கீழே இறக்கி, ஓட்டின் மேற்பரப்புக்கு 10 அல்லது 15 டிகிரி சாய்வில் பக்கவாட்டிலிருந்து அடித்தால், கீறலின் ஒரு கரை மின்னும், மறு கரை நிழலாகும், எழுத்து எழுந்து நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழியில் 'க' கூட்டல் குறிபோல இருக்கும். இடப்பக்கத்திலிருந்து சாய்வொளி அடித்தால் நெடுக்குக் கோடு மட்டும் துலங்கும். கிடைக்கோடு ஒளி வரும் திசையிலேயே கிடப்பதால் நிழல் விழாமல் மறைந்துவிடும். மேற்பக்கத்திலிருந்து அடித்தால் கிடைக்கோடு மட்டும் தெரியும். அதனால் ஒரு களிமண் மாதிரி ஓட்டைச் சுற்றி எட்டு எல்இடிகளை வட்டமாக வைத்து, ஒரு திருகு குமிழைப் பொருத்தினோம். குமிழைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் ஓட்டைச் சுற்றி வரும். முதலில் ஒரு கோடு, பிறகு இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே மூலைவிட்டமாக ஒளி வரும் இடத்தில் முழு 'க'. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் குமிழை அங்கேயே பிடித்துக்கொண்டு நண்பர்களைக் கூப்பிட்டான். அந்த எட்டு விளக்கும் ஒரு குமிழும் கடையில் சேர்ந்து கிடைக்காது. தனி வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு வெளிச்சம் வைக்கலாம்?

வெளிச்சம் பொருளைக் காட்டுகிறது. அதே வெளிச்சம்தான் அதை மெல்ல மெல்ல அழிக்கவும் செய்கிறது. சாயம் வெளுப்பது, தாள் பழுப்பேறுவது, பட்டு நொய்ந்துபோவது எல்லாம் அதன் வேலை. ஒருமுறை வெளுத்தது திரும்பாது. அதனால் ஒரு பொருள் ஒரு நொடியில் எவ்வளவு ஒளி பெறுகிறது என்பதோடு, ஆண்டு முழுவதும் மொத்தம் எவ்வளவு பெறுகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அதை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது லக்ஸ்-மணி.

சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் (சிஐஇ) 2004இல் வெளியிட்ட பரிந்துரைதான் உலகெங்கும் வழக்கில் உள்ளது. கல், உலோகம், சுட்ட மண் ஆகியவற்றுக்கு ஒளியால் பாதிப்பில்லை. எண்ணெய் ஓவியம், மரம், தந்தம், எலும்பு ஆகியவற்றுக்கு 200 லக்ஸ், ஆண்டுக்கு 6,00,000 லக்ஸ்-மணி. நீர்வண்ண ஓவியம், கையெழுத்துச் சுவடி, பெரும்பாலான துணிகளுக்கு 50 லக்ஸ், ஆண்டுக்கு 1,50,000. பட்டு, எளிதில் வெளுக்கும் சாயம், செய்தித்தாள் ஆகியவற்றுக்கு அதே 50 லக்ஸ்தான். ஆனால் ஆண்டுக்கு வெறும் 15,000.

இப்போது கணக்குப் போடுங்கள். 50 லக்ஸ் விளக்கு நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எரிந்தால் 1,20,000 லக்ஸ்-மணி. சுவடிக்கு இது எல்லைக்குள் அடங்கும். பழைய பட்டுச் சேலைக்கோ எட்டு மடங்கு அதிகம். அதே சேலைப் பேழையில் பட்டனை அழுத்தினால் 30 விநாடி மட்டும் எரியும் விளக்கை வைத்தால்? நாளுக்கு 120 முறை அழுத்தினாலும் ஒரு மணி நேரம்தான். ஆண்டுக்கு 15,000. எல்லையைத் தாண்டவில்லை.

காப்பாட்சியர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது. பட்டன் வேடிக்கைக்கான பொருள் என்று ஒதுக்காதீர்கள். யாரும் பார்க்காத நேரத்தில் சேலையை இருளில் ஓய்வெடுக்க விடுவது அந்தப் பட்டன்தான். நாங்கள் செய்யும் கன்ட்ரோலர் அன்றன்று எத்தனை நிமிடம் விளக்கு எரிந்தது என்று கூட்டி வைத்துக்கொள்ளும். விடுமுறைக் கூட்டத்தில் அன்றைய பங்கு தீர்ந்துவிட்டால் அடுத்தடுத்த அழுத்தங்களுக்கு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துத் தரும்.

50 லக்ஸ் வைத்தால் "இருட்டாக இருக்கிறது" என்று பார்வையாளர்கள் குறைப்படுகிறார்களே?

அவர்கள் சொல்வது உண்மை. நம் ஊர் நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதிலிருந்து நேராக 50 லக்ஸ் அறைக்குள் நுழைந்தால் சில நிமிடங்களுக்கு யாருக்கும் கண் தெரியாது. தவறு 50 லக்ஸில் இல்லை, வாசலில் இருக்கிறது. நுழைவு மண்டபம் 300, அடுத்த நடை 150, அதன்பின் பேழை அறை என்று படிப்படியாக இறக்குங்கள். பேழையைவிடச் சுவர் இருட்டாக இருந்தால் 50 லக்ஸ்கூடப் போதுமான வெளிச்சமாகத் தோன்றும். பின்சுவரில் வெள்ளை டியூப்லைட்டை எரியவிட்டுவிட்டுப் பேழைக்குள் விளக்கைக் கூட்டிக்கொண்டே போவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

பட்டன் விளக்கைச் சட்டென்று எரியவிடாமல் இரண்டு விநாடியில் மெல்ல ஏற்றுங்கள். கண்ணும் அதோடு சேர்ந்து பழகிக்கொள்ளும். இதற்கு டிம்மரின் படிகள் நுண்மையாக இருக்க வேண்டும். மலிவான கன்ட்ரோலரில் 256 படிகள்தான். மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொரு படியும் துள்ளித் துள்ளித் தெரியும். 4,096 படிகள் உள்ளதை வாங்கினால் விடியல்போல் ஏறும்.

எல்இடியில் புற ஊதாக் கதிர் இல்லையே, பிறகு என்ன பயம்?

நல்ல வெள்ளை எல்இடியில் புற ஊதாக் கதிர் மிகச் சொற்பம் என்பது சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளுக்கச் செய்யும், அதிலும் நீலப் பகுதி கூடுதலாக. வெள்ளை எல்இடி என்பது உள்ளே ஒரு நீலச் சில்லும் அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பரும்தான். வெள்ளையின் சாயலைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள். 6,500 கெல்வின் 'கூல் ஒயிட்' விளக்கில் நீலம் தூக்கலாக இருக்கும். துணிக்கும் சுவடிக்கும் 2,700 முதல் 3,000 கெல்வின் வரை போதும்.

இன்னொரு பயம் வெப்பம். எல்இடியின் முன்பக்கம் சூடில்லை என்றாலும் முதுகுப்பக்கம் கொதிக்கும். அடைத்த பேழைக்குள் வெப்பம் ஏறினால் ஈரப்பதம் இறங்கும்; காலையில் ஏறி மாலையில் இறங்கும் இந்த ஆட்டம் மரத்தையும் ஓலையையும் விரிசல் விடவைக்கும். எனவே மின்வழங்கிப் பெட்டியை (பவர் சப்ளை) பேழைக்கு வெளியே வையுங்கள். விளக்கையும் கண்ணாடிக்கு மேலே தனி அறையில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பழுது பார்க்கப் பேழையைத் திறக்க வேண்டியிருக்காது.

இதோடு ஒன்று: பேழைக்குள் வயரை ஒட்ட வினிகர் வாடை அடிக்கும் சிலிகோனைப் பயன்படுத்தவே கூடாது. அந்த வாடை அசிட்டிக் அமிலம். செம்பையும் ஈயத்தையும் அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் சிலிகோன் என்று கேட்டு வாங்குங்கள்.

செப்புத் திருமேனிகளுக்கு எப்படி ஒளியூட்டுவது?

கறுத்த, வளைந்த, பளபளக்கும் மேற்பரப்பு ஒளியை விழுங்கும். நான்கு பக்கமும் சமமாக அடித்தால் திருமேனி தட்டையாகிவிடும். முன்னால் ஒரு பக்கம் உயரத்திலிருந்து ஒரு முதன்மை விளக்கு, மறுபக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு வலுவில் இன்னொன்று, பின்னாலிருந்து தோளின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் மெல்லிய கீற்று ஒன்று. இவை மூன்றும் போதும். நடராசரானால் திருவாசியின் நிழல் முகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு நிழலுக்காக அரை நாள் ஏணியில் நின்றிருக்கிறேன். செலவிட்ட நேரம் தகும்.

எங்கள் பட்டுச் சேலை ஸ்டாலில் அரக்கு நிறம் காப்பிப்பொடி நிறமாகத் தெரிகிறது. ஏன்?

விளக்கில் சிவப்புக் குறைவு. அட்டைப் பெட்டியில் 'சிஆர்ஐ 80' என்று போட்டிருக்கும். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அந்த எண், எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. சிஆர்ஐ 80 விளக்கில் ஆர்9 சுழியத்தை ஒட்டியும் இருக்கலாம். அரக்கு, குங்குமம், மாம்பழ மஞ்சள் விற்கும் ஸ்டாலுக்கு சிஆர்ஐ 90க்கு மேலும் ஆர்9 50க்கு மேலும் உள்ள விளக்கைக் கேளுங்கள். ஆர்9 எண்ணைச் சொல்ல மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். சந்தேகமிருந்தால் சேலையின் ஒரு முந்தானையை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு விளக்கின் கீழே பிடியுங்கள். இதைவிட நம்பகமான கருவி வேறில்லை.

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. போனில் வீடியோ எடுத்தால் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. என்ன செய்வது?

டிம்மர் எல்இடியை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அந்த வேகம் நொடிக்குச் சில நூறு முறை என்றால் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஆர்டுயினோ என்னும் சிறு கன்ட்ரோலர் போர்டின் பெரும்பாலான பின்களில் வழக்கமான வேகம் 490 ஹெர்ட்ஸ்தான். அதைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் கோடுகள் மறையும். டிம்மரே இல்லாத விளக்கிலும் கோடு வந்தால் மலிவான மின்வழங்கிதான் காரணம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வு 100 ஹெர்ட்ஸ் துடிப்பாக அதில் அப்படியே கசிந்து வரும். இன்று எல்லாரும் போனோடுதான் வருகிறார்கள். ஸ்டாலின் படம் பரவுவதும் அதன் வழியாகத்தான். ஒப்படைக்கும் நாளில் போன் கேமராவால் ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஸ்ட்ரிப் விளக்கு தொடக்கத்தில் பளிச்சென்றும் கடைசியில் மங்கலாகவும் இருக்கிறதே?

வயரிலும் ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புத் தடத்திலும் வோல்ட் இறங்குகிறது. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். மின்வழங்கி 10 மீட்டர் தள்ளி இருந்து, 1 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால், போக வர 20 மீட்டருக்குத் தடை சுமார் 0.35 ஓம். இறங்கும் வோல்ட் 2.1. ஸ்ட்ரிப்புக்குப் போய்ச் சேர்வது 9.9 வோல்ட்தான், அது பாதி மயக்கத்தில் எரியும். அதே வாட் அளவில் 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கினால் 3 ஆம்பியர்தான், இறங்குவது 1 வோல்ட் சொச்சம், 24இல் அது பெரிதாகத் தெரியாது. எனவே 24 வோல்ட் வாங்குங்கள், மின்வழங்கியை அருகில் வையுங்கள், நீளமான ஸ்ட்ரிப்புக்கு இரு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள். மின்வழங்கியை அதன் திறனில் எழுபது, எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். நம் ஊர் வெக்கையில் முதலில் சாவது எல்இடி அல்ல, மின்வழங்கிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்.

பட்டனா, டச் ஸ்கிரீனா, ஆள் வந்தால் தானே எரியும் சென்சாரா?

எனக்குப் பட்டன்தான் பிடிக்கும், காரணத்தோடு. தாத்தா பாட்டிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் பட்டனைப் பற்றி எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுத்தினோம், நடந்தது என்ற உறுதி விரல் நுனியிலேயே கிடைக்கிறது. டச் ஸ்கிரீன் நிறையத் தகவல் தரலாம். ஆனால் ஒருவர் அதன் முன்னால் நின்றால் பின்னால் ஐந்து பேர் காத்திருக்க வேண்டும், பொருளைப் பார்க்க வந்த கண்ணும் திரையிலேயே நின்றுவிடும். நாணயத் தொகுப்பு போன்ற, நூற்றுக்கணக்கில் பொருள் உள்ள இடத்துக்குத் திரை சரி. ஒற்றைப் பொருளுக்கு வேண்டாம்.

பட்டனைவிட மேலானது குமிழ், நெம்புகோல், கைப்பிடி. பட்டன் காட்சியைத் தொடங்கி மட்டும் வைக்கும். குமிழை எவ்வளவு திருப்பினால் என்ன ஆகிறது என்று பார்வையாளர் தானே சோதிக்கலாம். பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்புளோரடோரியம் என்னும் அறிவியல் அருங்காட்சியகம் இந்த வழியை உலகுக்குக் காட்டியது. நம் நாட்டில் கொல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959லிருந்தே இயங்கும் மாதிரிகளை மக்கள் முன் வைத்து வருகிறது. சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்க வளாகத்தில் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்த நினைவு இங்கே பலருக்கும் இருக்கும்.

பட்டன் வாங்கும்போது ஆயுளைப் பாருங்கள். நாளுக்கு 600 பேர், ஆளுக்கு மூன்று அழுத்தம் என்றால் 1,800. ஒரு லட்சம் அழுத்தம் தாங்கும் சாதாரணப் பட்டன் இரண்டே மாதத்தில் முடிந்துபோகும். விளையாட்டு இயந்திரங்களில் போடும் பெரிய பட்டனை, ஒரு கோடி அழுத்தம் தாங்கும் மைக்ரோசுவிட்ச்சோடு வாங்குங்கள். பிள்ளைகள் முட்டியாலும் முழங்கையாலும் அடிப்பார்கள். அடிக்கட்டும், அதற்குத்தான் வைத்திருக்கிறோம். அழுத்திய உடனே பட்டனுக்குள் இருக்கும் சிறு விளக்காவது எரிய வேண்டும். அரை விநாடி தாமதித்தாலும் "வேலை செய்யவில்லை" என்று மறுபடி மறுபடி அடிப்பார்கள்.

சென்சார் வைத்தோம், கோடையில் ஆள் வந்தாலும் எரிவதில்லை.

நீங்கள் வைத்திருப்பது உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார். சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் வெப்ப வேறுபாடு இருந்தால்தான் அதற்கு ஆள் தெரியும். ஏசி இல்லாத கூடத்தில் சித்திரை மாதம் 37 டிகிரி அடிக்கும்போது மனிதரும் சுவரும் அதற்கு ஒன்றுதான். கண்ணாடியை ஊடுருவியும் அது பார்க்காது. பேழைக்குள் வைத்தால் வெளியே யார் நின்றாலும் எரியாது. இந்த இரண்டும் தெரியாமல் வாங்கிப் பலர் ஏமாறுகிறார்கள்.

மாற்று இரண்டு உண்டு. ரேடார் சென்சார் வெப்பத்தைப் பார்ப்பதில்லை, ஒட்டுப்பலகைக்குப் பின்னால் மறைத்தும் வைக்கலாம். ஆனால் மெல்லிய தடுப்புக்கு அப்பால் அடுத்த அறையில் நடப்பவரையும் கண்டுகொள்ளும், எனவே அதன் உணர்வைக் குறைத்து வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத லேசரால் தூரம் அளக்கும் சென்சார் ஒன்றிரண்டு மீட்டருக்குள் துல்லியமாக வேலை செய்யும். நேர் வெயில் படும் இடத்தில் தடுமாறும். சேலைப் பேழைக்குச் சென்சார்தான் வேண்டுமென்றால் நான் வைப்பது இரண்டாவதை.

மின்வெட்டு வந்து போனால் காட்சி தானாக மீண்டும் இயங்குமா?

இயங்கியே ஆக வேண்டும். இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். ஒரு மாவட்டத்தில் நாங்கள் வைத்த திரைக்காட்சி மூன்றாவது மாதமே கறுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் உள்ளிருந்த ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கம்ப்யூட்டரின் மெமரி கார்டு சிதைந்திருந்தது. காவலர் தினமும் மாலை ஐந்தரைக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவர் செய்தது சரி. கட்டடத்தின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. கம்ப்யூட்டரைப்போல முறையாக மூடச் சொல்லி அவரிடம் கேட்பது நியாயமில்லை. அணைத்தால் தாங்கும்படி நாங்கள்தான் செய்திருக்க வேண்டும். எங்களை நம்பி வைத்த காட்சி மூன்று வாரம் துணி போர்த்திக் கிடந்ததை நினைத்தால் இன்றும் வருத்தம்.

அதன்பின், மெமரி கார்டில் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும்படி அமைக்கிறோம். நிரல் உறைந்துவிட்டால் தானே மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் வைக்கிறோம். பட்டறையை விட்டு அனுப்புமுன் ஓடும்போதே 50 முறை பிளக்கைப் பிடுங்கி மாட்டுகிறோம். ஐம்பதாவது முறையும் எழுந்தால்தான் லாரியில் ஏற்றுவோம்.

ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை, பிஎல்சி: எது?

விளக்கு, பட்டன், குமிழ் மட்டும் என்றால் ஆர்டுயினோ அல்லது ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர். மின்சாரம் வந்த கணமே விழித்துக்கொள்ளும், கெட்டுப்போக மெமரி கார்டும் இல்லை. வீடியோ வேண்டுமென்றால்தான் ராஸ்பெர்ரி பை. பெரிய மோட்டார், தண்ணீர், காற்றழுத்தம் உள்ள காட்சிக்கு பிஎல்சி என்னும் தொழிற்சாலைக் கன்ட்ரோலர். விலை கூடுதல்தான், ஆனால் எந்த மில் எலக்ட்ரீஷியனும் அதைப் பார்த்துப் பயப்பட மாட்டார். அந்த நன்மை பெரிது.

பல அறை விளக்குகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தலாமா?

கட்டட விளக்குகளுக்கு டாலி என்ற கட்டுப்பாட்டு முறை. ஒரு கம்பித்தடத்தில் 64 விளக்கு. மேடைபோல் நிறம் மாறி ஓடும் காட்சிக்கு டிஎம்எக்ஸ்512 என்ற முறை. ஒரு தடத்தில் 512 சேனல். டிஎம்எக்ஸ் கம்பியின் கடைசி முனையில் 120 ஓம் தடை மாட்ட மறந்தால் விளக்குகள் காரணமில்லாமல் துடிக்கும்.

கண்காட்சி ஸ்டாலில் பம்பின் உள்ளே தண்ணீர் ஓடுவதைக் காட்ட வேண்டும். முடியுமா?

கோயம்புத்தூரில் அதிகம் கேட்கும் கேள்வி இது. கொடிசியா கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பு போன் ஓயாது. பம்பைக் கட் செக்‌ஷனாக வெட்டி, தண்ணீர் போகும் வழியில் பிக்சல் ஸ்ட்ரிப் பதிப்போம். அதில் ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியாக ஏற்றி அணைக்கலாம். உறிஞ்சும் பக்கத்தில் நீல ஒளி மெதுவாக வரும், இம்பெல்லர் என்னும் சுழல் சக்கரத்துக்குள் சுழன்று வேகம் பிடிக்கும், வெளியேறும் குழாயில் நெருக்கமாகப் பாயும். ஒரு குமிழ் வைத்து வால்வை மூடுவதுபோலத் திருப்பினால் ஒளியின் ஓட்டம் குறையும், பக்கத்து அழுத்தமானியின் முள் ஏறும். பம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை விவசாயி தன் கையாலேயே உணர்ந்துவிடுகிறார். விற்பனையாளர் பேச வேண்டிய பாதிப் பேச்சை அந்தக் குமிழே பேசிவிடும்.

பிக்சல் எல்இடி முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர்வரை எடுக்கும். நூறு எல்இடிக்கு 5 வோல்ட்டில் 6 ஆம்பியர். நீலம் மட்டும் எரித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

ஸ்டாலின் உண்மையான எதிரி லாரி. ஓசூர் தாண்டுவதற்குள் சாலிடர் விட்டுவிடும், கனெக்டர் கழன்றுவிடும். ஒவ்வொரு கனெக்டரும் பூட்டு உள்ளதாக இருக்கட்டும், இரு முனையிலும் எண் எழுதுங்கள். ஸ்டாலைக் கட்டிமுடிக்கக் கிடைப்பது ஒரு நாள், ஒன்றரை நாள். எண் இருந்தால் தச்சரே மாட்டிவிடுவார். பக்கத்து ஸ்டாலில் வெல்டிங் மெஷின் ஓடும் என்று எதிர்பார்த்து, சிக்னல் வயரை மின்வயரிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள், பார்வையற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு?

இதைக் கடைசியில் சேர்க்கும் அலங்காரமாக நினைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பொது இடங்களில் இதைக் கேட்கிறது. பட்டன்களை 75 முதல் 90 செ.மீ. உயரத்தில், சாய்ந்த பலகையில் வைக்கிறோம். நாற்காலியில் இருப்பவருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் எட்டும். பலகைக்குக் கீழே முழங்கால் நுழைய வெற்றிடம் விட வேண்டும். 'சிவப்பை அழுத்தவும்' என்று நிறத்தை மட்டும் அடையாளமாக்காதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நிறையப் பேர். ஒன்றை வட்டமாகவும் மற்றதைச் சதுரமாகவும் வையுங்கள், பிரெயில் பட்டை ஒட்டுங்கள். ஒலி விளக்கம் தமிழில் தொடங்கட்டும், ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும்.

குழந்தைகள் தொடும் இடத்தில் மின்சாரம் பாதுகாப்பானதா?

தொடும் பக்கம் எல்லாம் 24 வோல்ட் அல்லது அதற்குக் கீழ். 230 வோல்ட் பூட்டிய பெட்டிக்குள், எர்த்தோடும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோடும். இதில் விதிவிலக்கே கிடையாது.

வேலையை ஒப்படைக்கும்போது உங்களிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

என்னிடம் மட்டுமல்ல, யாரிடம் செய்தாலும் கேளுங்கள்: வயரிங் படம் இரண்டு பிரதி, ஒன்று கன்ட்ரோல் பெட்டியின் கதவுக்குள் ஒட்டியது. நிரலின் பிரதி. மாற்று உதிரிகள்: பட்டன் இரண்டு, மின்வழங்கி ஒன்று, நிரல் ஏற்றிய கன்ட்ரோலர் ஒன்று. உதிரிகள் எல்லாம் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் ரகமாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய ஒரு சிறு கனெக்டருக்காக ஒரு கூடமே மாதக்கணக்கில் இருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்குள் வயர் நுழையும் துளை ஒவ்வொன்றும் அடைபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எறும்பு ரிலேக்குள் கூடு கட்டும், பல்லி டெர்மினலில் குறுக்கே விழுந்து ஃபியூஸைப் போக்கும். கடலோர ஊர் என்றால் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். வெள்ளீயம் பூசிய வயரும் துருப்பிடிக்காத திருகுகளும் கேளுங்கள்.

எவ்வளவு செலவு, எத்தனை நாள்?

பொருளையும் இடத்தையும் பார்க்காமல் சொல்வது ஏமாற்று. எல்இடிக்கு ஆகும் செலவு சிறிது. யோசிக்கவும், மாதிரி செய்து பார்க்கவும், உடைத்துத் திருத்தவும்தான் பணமும் நாளும் போகின்றன. எங்கள் கணக்கில் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு சோதனைக்கு. அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். காட்சிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துக் காட்சியில் நான்கு பழுதாகிக் கிடப்பதைவிட, ஓயாமல் ஓடும் ஐந்து காட்சி மேல்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். மாணவர்களே செய்யும்படி எளிதாக ஏதாவது சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்கு எப்போதும் நேரம் ஒதுக்குவேன். பழைய 'சரியான விடையைத் தொட்டால் விளக்கு எரியும்' பலகையையே செய்யச் சொல்லுங்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 470 ஓம் தடை, இரண்டு வயர், கேள்விக்கும் விடைக்கும் ஒவ்வோர் ஆணி. எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட்டைத் தடை தாங்கும், ஓடும் மின்சாரம் 15 மில்லி ஆம்பியர். ஓம் விதியை அவர்களையே போட்டுப் பார்க்க விடுங்கள். பலகையின் பின்பக்கத்தைக் கண்ணாடித்தாளால் மூடி வையுங்கள். வயர் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் பிள்ளைகள் பின்னால் போவார்கள்.

அதற்கும் வசதியில்லை என்றால் ஒரு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, மேசைமேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, டார்ச்சை மேசையோடு ஒட்டிப் பிடித்து நாணயத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் எந்த எழுத்து எழுகிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.